காலிக் கோட்டை

இலங்கையின் தென்மேற்குக் கரையில், கடலுக்குள் நீண்ட ஒரு சிறு தீபகற்பத்தை மதிலால் வளைத்துக் கட்டிய நகரம் காலிக் கோட்டை. மூன்று புறம் கடல், வடக்கே மட்டும் நிலம்.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே காலி பல நாட்டு வணிகர் கூடிய துறைமுகம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் மும்மொழிக் கல்வெட்டு இதற்குச் சான்று. சீனம், பாரசீகம், தமிழ் மூன்றிலும் காணிக்கைப் பொருள்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது. 1911இல் கண்டெடுக்கப்பட்டபோது இந்தக் கல் ஒரு வடிகாலுக்கு மூடியாகக் கிடந்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்த்துக்கேயர் இங்கே ஒரு சிறு அரண் அமைத்தனர். கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் 1640 மார்ச்சில் அதைப் பிடித்தனர். பிடித்ததைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டனர். தாக்குதலை நடத்திய தளபதி வில்லெம் கோஸ்டர் அதே ஆண்டில் கண்டியிலிருந்து திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். அவர் பிறந்த ஊரான அக்கர்ஸ்லோட்டின் பெயர் ஒரு கொத்தளத்துக்கு இருக்கிறது.

இன்று காணும் மதிலின் பெரும்பகுதி 1663 முதல் ஒல்லாந்தர் கட்டியது. கருங்கல்லும் பவளப்பாறையும் கொண்டு எழுப்பிய மதிலில் 14 கொத்தளங்கள். பகைவர் தரைவழியாக வரக்கூடிய வடபுறம்தான் மிகவும் பலமானது. சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்ற மூன்று கொத்தளங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. கடற்புற மதில் 1729இல்தான் நிறைவுற்றது. பழைய வாயிலின் உட்புறத்தில் 1669 என்ற ஆண்டும், இரு சிங்கங்களுக்கு நடுவே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரையும், அதன்மேல் ஒரு சேவலும் செதுக்கப்பட்டுள்ளன. அதே வாயிலின் வெளிப்புறத்தில் இருப்பதோ ஆங்கிலேய அரசின் சின்னம். மதிலுக்குள் ஒல்லாந்தர் அமைத்த நிலத்தடி வடிகால்களும் வியக்கத்தக்கவை: கடல் ஏறும்போது நீர் புகுந்து, வற்றும்போது கழிவை இழுத்துச் செல்லும். கயிறு திரித்த தெரு இன்றும் ‘லைன் பான்’ என்ற ஒல்லாந்தப் பெயரோடு இருக்கிறது.

1796இல் கோட்டை சண்டையின்றி ஆங்கிலேயரிடம் வந்தது. போக்குவரத்துக்காக 1873இல் அவர்கள் வடமதிலில் புதுவாயில் திறந்தனர். கொழும்பில் அலைதாங்கி கட்டப்பட்ட பின் கப்பல்கள் அங்கே திரும்பிவிட, காலித் துறைமுகத்தின் பரபரப்பு அடங்கியது. வணிகம் குறைந்ததால்தான் பழைய வீடுகளும் தெருக்களும் இடிபடாமல் தப்பின என்று கொள்ளலாம். 1988இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது.

பீரங்கிக்கு எதிராகக் கட்டிய மதில் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையைத் தாங்கி நின்றது. வெளியே காலி நகரின் பேருந்து நிலையமும் கடைத்தெருவும் சிதைந்தபோது, கோட்டைக்குள் இருந்த வீடுகள் பெரும்பாலும் தப்பின. வடமதிலை அடுத்துள்ள கிரிக்கெட் மைதானம் பாழாகி, 2007 டிசம்பரில்தான் மீண்டும் சர்வதேச ஆட்டத்தைக் கண்டது. டெஸ்ட் நாள்களில் ஊர்மக்கள் மதில்மேல் ஏறி நின்று ஆட்டம் பார்க்கிறார்கள்.