மீள்திறன்: சொல்லும் பெரியாற்று வெள்ளமும்

‘ரெசிலியன்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல், பின்னோக்கித் துள்ளுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியினின்று பிறந்து, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில வழக்கேறியது. 19ஆம் நூற்றாண்டுப் பொறியியலார், வளைந்த உலோகம் பழைய வடிவம் எய்தும் தன்மையை இச்சொல்லாற் குறித்தனர். பின்னர் சூழலியலும் உளவியலும் இதனை ஏற்றுக்கொண்டன. இடரினின்று எழும் ஆற்றலை இன்று சுட்டும் இச்சொல், தமிழில் ‘மீள்திறன்’ எனப்படுகிறது.

‘மீள்’ என்னும் வினை இருபொருள் உடையது. ‘ஊருக்கு மீண்டான்’ என்பதில் திரும்புதலையும், ‘நோயினின்று மீண்டான்’ என்பதில் விடுபடுதலையும் அது உணர்த்தும். இவற்றுள் மக்கள் வாழ்வுக்குப் பொருந்துவது எது என்பதைப் பெரியாற்றின் வெள்ள வரலாறு தெளிவாக்கும்.

1341ஆம் ஆண்டு வெள்ளத்தால் கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்து, கொச்சித் துறைமுகம் உருவாயிற்று என்பது வரலாற்றாளர் பலர் கருத்து. 1924ஆம் ஆண்டு வெள்ளம், கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்தமையால் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ எனப்பட்டது. அதில் அழிந்த மூணாற்று இருப்புப்பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. 2018 ஆகஸ்டில் ஆலுவா நீரில் மூழ்கியது. அருகிலுள்ள நெடும்பாசேரி வானூர்தி நிலையம் 15ஆம் நாள் மூடப்பட்டு, 29ஆம் நாள் திறக்கப்பட்டது. ஓடுபாதை பழைய நிலை எய்தியது. சேறு படிந்த இல்லங்களில் வாழ்வோர்க்கு அஃது எளிதன்று. அந்நாளில் மலையாளத்தில் பெருவழக்குப் பெற்ற ‘அதிஜீவனம்’ என்னும் சொல்லும் திரும்புதலைக் கூறாது, கடந்து வாழ்தலையே கூறுகிறது.

உலோகம் திரும்புகிறது, மாந்தர் விடுபடுகின்றனர். எனவே ‘மீள்திறன்’ என்பதற்கு ‘நோயினின்று மீண்டான்’ என்னும் வழக்கின் பொருளே சிறந்ததாகும்.