அரசவைச் சீட்டு

அரசவைச் சீட்டு என்பது சீட்டுக்கட்டில் எண்ணுக்குப் பதிலாக அரசவையின் பதவி ஒன்றைத் தாங்கிய சீட்டு. ரம்மி ஆடும் 52 சீட்டுக் கட்டில் ராஜா, ராணி, ஜாக்கி என இவை 12. குறி பார்க்கப் பயன்படும் 78 சீட்டு டாரட் கட்டில் கோல், கிண்ணம், வாள், காசு என்னும் நான்கு இனங்களிலும் ராஜா, ராணி, குதிரைவீரன், ஏவலன் என மொத்தம் 16. தொடக்கத்தில் பதவியை மட்டுமே குறித்த இவை, குறி சொல்லும் கலைக்குள் வந்தபின் மனிதரின் குணத்தைக் குறிக்கத் தொடங்கின.

தோற்றம்

எகிப்தை ஆண்ட மம்லுக் சுல்தான்களின் காலத்துக் கட்டு ஒன்றை இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் எல். ஏ. மேயர் 1931இல் கண்டறிந்தார். அதில் ஒவ்வோர் இனத்துக்கும் அரசர், அவருடைய பிரதிநிதி, இரண்டாம் பிரதிநிதி என மூன்று பதவிகள் உண்டு. ஆள் உருவம் இல்லை. பதவியின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. 1370களில் சீட்டு ஐரோப்பாவை எட்டியது. 1377இலேயே புளோரன்ஸ் நகரம் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. ஐரோப்பாவில்தான் பதவிகளுக்கு முகம் வரையப்பட்டது. ராணியும் அங்கேதான் சேர்ந்தாள். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்கள் ஆடிய விளையாட்டாக டாரட் உருவானது. அன்று அதில் யாரும் எதிர்காலம் பார்க்கவில்லை.

இந்தியாவில்

பாபர் 1527இல் சிந்துவின் ஷா ஹசனுக்குக் கஞ்சிபா சீட்டுகளை அனுப்பியதாகத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். முகலாயக் கஞ்சிபாவில் 8 இனங்கள், 96 சீட்டுகள். ஒவ்வோர் இனத்திலும் ராஜா, மந்திரி என இரண்டே அரசவைச் சீட்டுகள், ராணிக்கு இடமில்லை. அக்பரின் அவையில் ஆடிய 12 இனக் கட்டை அபுல் பசல் ‘அயினி அக்பரி’யில் விவரிக்கிறார். குதிரை இனத்தின் தலைவர் அஸ்வபதி, யானை இனத்தின் தலைவர் கஜபதி, காலாட்படைக்கு நரபதி எனப் பாம்பு இனம் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். 120 சீட்டுத் தசாவதாரக் கஞ்சிபாவில் அரசரின் இடத்தில் திருமாலின் அவதாரங்கள் அமர்ந்தன. மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) 360 சீட்டுகள் வரை விரியும் ஆட்டங்களை வகுத்தார். இவையெல்லாம் விளையாட்டாகவே நின்றன.

குறியாக மாறியது

பிரான்சில் கூர் த ஜெபலின் 1781இல் டாரட்டை எகிப்தியரின் மறைஞான நூல் என்றார். இதற்கு ஆதாரம் ஏதுமில்லை; ஆனாலும் கருத்து நிலைத்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் எத்தைலா என்பவர் சீட்டு வைத்துக் குறி சொல்லும் முறையை அச்சிட்டு வெளியிட்டார். 1909இல் ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டு லண்டனில் வெளியானது. இன்றைய டாரட் கட்டுகள் பலவற்றுக்கும் இதுவே மூலம்.

பொருள் கொள்ளும் முறைகள்

முதல் முறை, சீட்டை ஓர் ஆளாகக் கொள்வது. கேள்வி கேட்பவருக்கு உரிய சீட்டை வயதும் நிறமும் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார் வெயிட். நாற்பதைத் தாண்டிய ஆணுக்குக் குதிரைவீரன், அதற்குக் குறைந்தவனுக்கு ராஜா, நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு ராணி, இளம்பெண்ணுக்கு ஏவலன். பொன்னிறக் கூந்தலும் நீலக் கண்ணும் கோலுக்கு. கருங்கூந்தலும் கருவிழியும் காசுக்கு. இந்த விதியைக் கொண்டு பார்த்தால், சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் தேரோட்டத்துக்குத் திரளும் கூட்டம் ஏறத்தாழ முழுவதும் காசு இனத்தில் அடங்கிவிடும். ஆங்கிலேயரின் வரவேற்பறைக்கு வகுத்த விதி அது. இன்று பலரும் அதைக் கைவிட்டுவிட்டனர்.

இரண்டாவது முறை பூதங்களைச் சார்ந்தது. 1888இல் லண்டனில் தொடங்கிய ‘பொன் விடியல்’ சங்கம் கோலுக்குத் தீ, கிண்ணத்துக்கு நீர், வாளுக்குக் காற்று, காசுக்கு நிலம் என வகுத்தது. பதவிகளுக்கும் அதே நான்கையே பங்கிட்டது. ராணி நீர் என்பதால் கோல் ராணி தீயில் கலந்த நீர்: வேகமும் பரிவும் சேர்ந்தவள். நாலும் நாலும் பெருகிப் பதினாறு குணங்கள் கிடைக்கின்றன.

மூன்றாவது முறை 20ஆம் நூற்றாண்டு உளவியலின் வழி வந்தது. சீட்டில் இருப்பது பிறர் அல்ல, கேட்பவரின் ஒரு பக்கம்தான் என்கிறது இது. இவற்றோடு, ஏவலன் வந்தால் சேதி வரும், குதிரைவீரன் வந்தால் நிலைமை நகரும் என்று சீட்டை ஆளாக அன்றி நிகழ்வாகப் படிப்பவரும் உண்டு. எந்த முறையைக் கொள்வது என்பதைப் பக்கத்துச் சீட்டுகளும் கேட்ட கேள்வியும் தீர்மானிக்கும். சீட்டுகள் வருங்காலத்தைச் சொல்லும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை.

தமிழகத்தில்

தமிழரின் சீட்டாட்டத்தில் பதவி வரிசை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஆடும் முந்நூற்றுநாலில் ஜாக்கிக்கு 30 புள்ளி, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ரம்மியில் மூவருக்கும் ஒரே மதிப்பு, பத்து.

குறி சொல்லும் சீட்டுக்குத் தமிழகத்தின் சொந்த வடிவம் கிளி ஜோசியம். பெயரைக் கேட்டதும் ஜோசியர் கூண்டைத் திறக்க, கிளி அடுக்கிலிருந்து ஒரு சீட்டை அலகால் இழுத்துக் கொடுத்து, நெல்மணி வாங்கிக்கொண்டு உள்ளே போகும். சீட்டில் முருகன், மகாலட்சுமி, அனுமன் எனத் தெய்வங்கள். வேளாங்கண்ணி மாதாவும் இடம்பெறுவதுண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (1972) கிளி வளர்ப்பைத் தடுப்பதால் தொழில் அருகிவருகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் கடலூர்த் தொகுதிக்குக் கிளி ஆரூடம் சொன்ன ஜோசியர் மீது வனத்துறை நடவடிக்கை எடுத்தது. வெற்றி பெறுவார் என்று சொல்லப்பட்ட வேட்பாளர் தங்கர் பச்சான் தோற்றார்.

டாரட்டில் அரசவைச் சீட்டு விழுந்தால், ‘இது யார்?’ என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. கிளி எடுத்த சீட்டில் அந்தக் கேள்வி எழுவதில்லை. படத்தில் இருப்பவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும். அவர் தமக்கு என்ன செய்வார் என்பதை மட்டுமே கேட்க வந்தவர் எதிர்பார்க்கிறார்.