ஜீப்பை எந்த வருஷத்துக்குத் திருப்புறது?

பட்டணத்து நண்பர்கள் போன் பண்ணினா மழை, நெல்லு விலை எல்லாம் விசாரிச்சு முடிச்சிட்டு மெல்லக் கேட்பாங்க: "உங்க பக்கம் பழைய பிக்கப் ஏதாவது களத்தோரமா கெடக்குதா? வாங்கி ரெடி பண்ணணும்." அமெரிக்கப் படங்கள்ல வைக்கோல் கட்டு ஏத்திக்கிட்டு வர்ற வண்டியைப் பார்த்து வந்த ஆசை. தப்பில்லை. அந்த ஊரில் அதுக்கு ஒரு வரலாறு இருக்கு. 1925ஆம் வருஷம் ஃபோர்டு கம்பெனி தன் மாடல்-டி காரின் பின்பக்கம் ஒரு தொட்டியை வைத்து 281 டாலருக்கு விற்க ஆரம்பித்தது. தொழிற்சாலையிலிருந்தே தொட்டியோடு வந்த முதல் ஃபோர்டு பிக்கப் அதுதான். அதுக்கு முன்னாடி விவசாயிகள் காரின் பின்பாதியை அறுத்துவிட்டு ஆசாரியைக் கூப்பிட்டுப் பலகை அடிச்சுக்கிட்டாங்க. அவங்க செஞ்சதைத்தான் கம்பெனி காப்பியடிச்சது.

நம்ம மாகறல் பக்கம் அந்தக் காலத்தில் மாட்டு வண்டிதான். சம்பந்தர் பாடிய ஊருங்கிறதால பேருக்கு வயசு அதிகம். மோட்டாருக்கு வயசு கம்மி. இங்கே மட்டுமில்லை, நாடு முழுக்கவே பிக்கப்னு ஒரு தனி ஜாதி வண்டி ரொம்ப நாள் ஊன்றவில்லை. லைசென்ஸ் காலம். வண்டி செய்யவும் அனுமதி வேணும், வாங்கவும் வருஷக்கணக்கில் காத்திருக்கணும். அந்த இடத்தை நிரப்பினது ரெண்டு: டெம்போவும் ஜீப்பும்.

டெம்போங்கிறது முதல்ல ஒரு ஜெர்மன் கம்பெனியோட பேர். ஹாம்பர்க் நகரத்து விடால் குடும்பத்தார் தங்கள் வண்டிக்கு வச்சது. போரில் நொறுங்கிப் போன நாட்டில் கடைக்காரர்கள் சரக்கு ஏத்த மூணு சக்கர வண்டி செய்தார்கள். 'ஹான்சியட்' என்று பெயர். முன்னாடி ஒத்தச் சக்கரம், அதுக்கு மேலேயே எஞ்சின். பஜாஜ் டெம்போ கம்பெனி 1958இல் தொடங்கி அதை இங்கே செய்தது. ஜெர்மனியில் 1950களிலேயே நின்றுபோன அந்த வண்டி இங்கே 2000 வரைக்கும் வந்துகொண்டிருந்தது. கம்பெனி 2005இல் பெயரை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாத்திக்கிட்டாலும் நம்ம ஜனங்க மாத்திக்கல. இன்னிக்கும் சரக்கு வண்டி எதுவா இருந்தாலும் "ஒரு டெம்போ சொல்லிவிடு"தான்.

ஜீப் கதை வேற. அது ஊருக்குள் வந்தபோது சர்க்காராகத்தான் வந்தது. மகிந்திரா 1947இல் வில்லீஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவரத் தொடங்கியது. 1952 காந்தி ஜெயந்தியன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் ஆரம்பமானதும் வட்டார வளர்ச்சி அதிகாரிக்கு ஜீப், அப்புறம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஜீப், போலீசுக்கு ஜீப், ஜப்திக்கும் ஜீப். தெருமுனையில் அந்த உயரமான மூஞ்சி தெரிந்தால் ஆம்பளைங்க தோப்புப் பக்கம் நழுவின காலம் உண்டு. அந்த மூஞ்சி வில்லீஸின் சி.ஜே.-3பி மாடலோடது. உள்ளே புது எஞ்சின் உயரமாக இருந்ததால் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1968இல் அதை நிறுத்திவிட்டார்கள். மகிந்திரா அதற்கப்புறமும் பல்லாண்டு அதே மூஞ்சியை விடவில்லை.

ஓடித் தேய்ந்ததும் சர்க்கார் அதைக் கழிவு என்று எழுதி ஏலம் விடும். ராணுவமும் விடும். விவசாயி கைக்கு ஜீப் வந்தது பெரும்பாலும் அந்த ஏலத்தின் வழியாகத்தான். எடுத்ததும் பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். பின்பக்கத்தை அறுத்து நீட்டி, பலகை அடித்தால் பிக்கப். அறுக்க மனசில்லாதவர் டிரெய்லர் மாட்டினார். ஃபோர்டு விவசாயி செஞ்ச அதே வேலை, சுமார் 50 வருஷம் கழிச்சு.

அடுத்து எஞ்சின். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் பெட்ரோல் விலை எகிறியது. பெட்ரோல் ஜீப்பை வைத்துக் கத்திரிக்காய் ஏத்தினால் கத்திரிக்காய் காசு பெட்ரோலுக்கே போகும். அதனால பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். சென்னை செம்பியத்தில் சிம்சன் கம்பெனி செய்த பெர்கின்ஸ் எஞ்சின் அதற்குத் தோதாக இருந்தது. பின்னாளில் மகிந்திராவே இன்டர்நேஷனல் டிராக்டரின் எஞ்சின் வழிவந்த டீசலைப் போட்டு ஜீப் விற்றது. இது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு பட்டணத்தில் புரியாது. டிராக்டருக்குத் தெரிந்த மெக்கானிக்கே ஜீப்புக்கும் போதும். மத்த சாமானுக்குப் புதுப்பேட்டை. பிஸ்டன் ரிங்கிலிருந்து கியர் பாக்ஸ் வரை அங்கே கிடைக்காதது எதுவுமில்லை. இது எந்த வண்டியில் இருந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.

பழைய சுமை வண்டியின் மேல் வர்ற ஆசைக்குக் காரணமும் இதுதான்னு நினைக்கிறேன். பானெட்டைத் தூக்கினால் எது எங்கே போகுதுன்னு கண்ணுக்குத் தெரியும். பேட்டரி இறங்கிப்போனா முன்னாடி கம்பியை விட்டுச் சுத்தலாம். கெட்டால் கழற்றலாம், கிடைக்காததை லேத்தில் கடைந்து போடலாம். அப்படிப் போட்டுப் போட்டுத்தான் அது உயிரோட இருக்கு.

இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சங் என்ற ஊரிலிருந்து 3,636 மீட்டர் உயர சந்தக்புவுக்கு 1950களின் லேண்ட் ரோவர்கள் இன்னும் ஆள் ஏற்றிப் போகின்றன. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனவை. பல வண்டிகளில் இப்போது துடிப்பது மகிந்திரா டீசல் எஞ்சின். யாழ்ப்பாணத்தில் 1990களில் எரிபொருள் தடை வந்தபோது ஆஸ்டின், மொரிஸ் மைனர் கார்களை நாலு சொட்டு பெட்ரோல் விட்டு உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புது ஊசிப்போன காராக இருந்தால் அது நடந்திருக்குமா?

இப்போ சட்டத்துக்கு வர்றேன். 2021 ஜூலையில் மத்திய அரசு பாரம்பரிய வாகனங்களுக்கு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்திருக்கணும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு மாதிரிக் காரியங்களுக்கு ஓட்டலாம். தினசரி ஓட்டக் கூடாது. நல்லதுதான். ஆனால் யாருக்கு? இரண்டு சக்கர வண்டிக்கும், எம்-1 என்ற ஆளேற்றும் கார் வகைக்கும் மட்டும். சரக்கு வண்டி அதில் கிடையாது. மூணு சக்கர டெம்போவும் கிடையாது. ஜமீன்தார் ஷெட்டில் தூங்கிய கார் பாரம்பரியம். உழைத்த வண்டி பழைய இரும்பு. பின்பக்கம் அறுத்து, டீசல் ஏற்றிய ஜீப்புக்கு அந்த வாசல் இரண்டு முறை மூடியிருக்கு.

வரத்தும் நின்றுபோச்சு. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 15 வருஷம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு செல்லாது. பதிவு பெற்ற உடைப்பு நிலையத்துக்குத்தான் போகணும். விவசாயிக்கு வண்டி கொடுத்த அந்த ஏலம் இனி கிடையாது. புகைக்காக இப்படிச் செய்றாங்க, நியாயமும் இருக்கு. ஆனால் மாதிரிக்குக்கூட ஒன்றை ஒதுக்கி வைக்கணும்னு யாருக்கும் தோணலை.

காஞ்சிபுரத்துக் குழித்தறிகளைப் பாருங்க. கரை, முந்தானை வடிவத்துக்கு அடை கட்டின தறியில் பிற்பாடு ஜக்கார்டு பெட்டியை ஏற்றினாங்க. மரம் இத்துப்போனா மாத்துறாங்க. அதைப் பொய்த் தறின்னு எவரும் சொல்றதில்லை.

அதனால ஜீப் வாங்கிப் புதுப்பிக்கிறவங்ககிட்ட நான் கேட்பது, எந்த வருஷத்துக்குத் திருப்பப் போறீங்க? பெட்ரோல் எஞ்சினைத் தேடிப் போட்டு, ராணுவப் பச்சை அடித்து, அகல டயர் மாட்டினால் ஈ.சி.ஆரில் போட்டோவுக்கு அழகாக இருக்கும். ஆனால் அந்த வண்டி சர்க்காரிடம் இருந்ததைவிட அதிக வருஷம் நெல் மூட்டை சுமந்திருக்கும். ஆசாரி அடித்த பலகையும், கொல்லன் வளைத்த கொக்கியும், டிராக்டர் எஞ்சினும்தான் அதன் பெரும்பகுதி வரலாறு. முடிந்தால் அதை விட்டுவையுங்க. நிறத்தைச் சுரண்டும்போது அடியில் பழைய துறையின் பெயர் தெரிந்தால் ஒரு போட்டோ எடுத்துக்குங்க.

வாங்கும்போது முதலில் ஆர்.சி. புத்தகம். எஞ்சின் மாற்றம் அதில் ஏறியிருக்கான்னு பாருங்க; பல வண்டியில் ஏறியிருக்காது. சேஸிஸ் நம்பரைத் துணியால் துடைத்து, கையால் தடவிப் படியுங்க. வெல்டிங் வைத்த தடம் இருந்தால் காசை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறுங்க. மத்ததெல்லாம், துருப்பிடித்த தரை, உடைந்த ஸ்பிரிங் பட்டை, ஒழுகும் ரேடியேட்டர், பட்டறையில் சரி பண்ணக்கூடியதுதான்.