புலிப்பொறி முதல் கோடாலிக்குறி வரை

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டுகளைப் படிப்பர்; செப்பேடுகளை ஆராய்வர்; ஆவணக் காப்பகங்களில் பழைய ஏடுகளைப் புரட்டுவர். மருந்துக் குப்பியின் மேல் ஒட்டிய சிறு படத்தையும், மளிகைக் கடைத் தகரப்பெட்டியின் வண்ணத்தாளையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் மிகச் சிலரே. பயன்படுத்தியபின் எறியப்படும் பொருளில் என்ன வரலாறு இருக்கப் போகிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதைப் புக்கிட் மேராவில் உள்ள ஓர் உணவங்காடியின் பெயரே நமக்கு உணர்த்திவிடும்.

சாலான் புக்கிட் மேராவில் ‘ஏ.பி.சி. பிரிக்வொர்க்ஸ்’ என்னும் சந்தையும் உணவங்காடி நிலையமும் உள்ளன. அங்கு உண்ணச் செல்லும் இளையர், அம்மூன்று எழுத்துகளை ஆங்கில நெடுங்கணக்கின் தொடக்கம் என்றே கருதக்கூடும். உண்மையில் அவை ‘ஆர்க்கிப்பெலகோ புருவரி கம்பெனி’ என்னும் மதுவாலையின் பெயர்ச்சுருக்கம். ‘பிரிக்வொர்க்ஸ்’ என்பதோ அப்பகுதியில் இயங்கிய அலெக்சாண்டிரா செங்கற்சூளையைக் குறிப்பது. ஆலையும் இல்லை; சூளையும் இல்லை; பெயர்கள் மட்டும் நிற்கின்றன. நிறுவனம் மறைந்தபின்னும் அதன் குறி மக்கள் நாவில் வாழ்வது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண வேண்டின், முதலில் வணிகக்குறியின் பழமையைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

பண்டைய பொறி

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் ஏற்றுமதி இறக்குமதிப் பொருள்கள்மீது சுங்க அலுவலர் சோழரின் புலிப்பொறியைப் பதித்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. அது அரசின் முத்திரை. சுங்கம் முடிந்தது என்பதற்கு அடையாளம். பொருளைச் செய்தவன் யார், விற்றவன் யார் என்பதை அது சொல்லாது.

அதனைச் சொல்லும் சான்று ஒன்று கடல் கடந்து கிடைத்திருக்கிறது. தாய்லாந்தின் தென்பகுதியில் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் கண்டெடுக்கப்பட்ட ஓர் உரைகல்லில், ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டைச் சார்ந்தது அது என்பர் அறிஞர். பொன்னை உரைத்து மாற்றுக் காணும் கல் அது. அரசனும் அல்லன், பெருவணிகக் குழுவும் அல்லன். கையளவுக் கல் ஒன்றைத் தொழிற்கருவியாகக் கொண்ட ஒரு பொற்கொல்லன், தன் பெயரைத் தன் மொழியில், தன் எழுத்தில் அதில் பொறித்தான். தென்கிழக்காசியாவில் தமிழ்ச் சிறுதொழில் ஒன்றின் மிகப் பழைய பெயர்ப்பலகை என்று அதனை நாம் கூறலாம் அன்றோ?

செம்மண் குன்றின் ஆலைகள்

இனிப் புக்கிட் மேராவிற்கு மீள்வோம். ‘செங்குன்று’ எனப் பொருள்படும் இவ்வட்டாரத்தின் எல்லையில் செல்லும் அலெக்சாண்டிரா சாலை, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆலைகள் நிறைந்த சாலையாயிற்று. செங்கற்சூளையில் தமிழ்த் தொழிலாளர் பலர் பணியாற்றினர். அவர்கள் வழிபட்ட ருத்ர காளியம்மன் கோயில், இடம் பெயர்ந்து இன்று டிப்போ சாலையில் விளங்குகிறது.

1930களில் இச்சாலையில் இரு மதுவாலைகள் போட்டியிட்டன. மலாயன் புருவரீஸ் நிறுவனம் 1932இல் புலிக்குறியுடன் தன் சரக்கை வெளியிட்டது. செருமானியர் முதலீட்டில் எழுந்த ஆர்க்கிப்பெலகோ நிறுவனத்தின் குறி நங்கூரம். இரண்டாம் உலகப் போர் மூண்டதும், பின்னது பகைநாட்டார் உடைமை எனக் கைப்பற்றப்பட்டு, 1941இல் மலாயன் புருவரீசுக்கு விற்கப்பட்டது. இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. போட்டியாளரை வாங்கிய நிறுவனம் அவருடைய நங்கூரத்தைத் தூக்கி எறியவில்லை. அக்குறியுடனேயே சரக்கைத் தொடர்ந்து விற்றது. ஏன்? ஆலை முதலாளிக்கு உரியது. நம்பிக்கையோ குறிக்கு உரியதாகிவிட்டது. வாங்குவோர் முதலாளியை அறியார், நங்கூரத்தை அறிவர். ஆலை இருந்த இடத்தில் பின்னாளில் எழுந்த ஆங்கர்பாயிண்ட் வணிக வளாகமும் அந்த நங்கூரத்தையே பெயரில் தாங்கி நிற்கிறது.

படமே மொழி

சிங்கப்பூர் பன்மொழித் துறைமுகம். சீனர் எழுத்தைத் தமிழர் அறியார். தமிழர் எழுத்தை மலாய்க்காரர் அறியார். எந்த எழுத்தையும் அறியாத உழைப்பாளரோ மிகப் பலர். இவர்கள் அனைவர்க்கும் ஒரே பொருளை விற்க வேண்டிய வணிகன் என் செய்வான்? படத்தை நாடினான். புலி, யானை, கோடாலி, நங்கூரம் ஆகியவற்றைக் கண்டறிய எந்தப் பள்ளியிலும் பயில வேண்டியதில்லை. முத்திரையைக் குறிக்கும் ‘சாப்’ என்னும் இந்துத்தானிச் சொல் மலாயில் புகுந்து வணிகக்குறிக்கே பெயராயிற்று. நம் வழக்கில் உள்ள ‘சாப்பா’வும் அதன் உறவே.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, 1928இல் லியுங் யுன் சீ என்பவர் சிங்கப்பூரில் தொடங்கிய மருந்து நிறுவனத்தின் தைலம். அதன் குறி ஒரு கோடாலி. மலாய்க்காரர் அதனைக் ‘கோடாலிச் சாப்பு எண்ணெய்’ எனப் பொருள்படும் தம் மொழிச் சொல்லால் அழைத்தனர். தமிழரோ ‘கோடாலித் தைலம்’ என்றே பெயரிட்டு வழங்கினர். நிறுவனத்தின் பெயரைக் கேட்டால் நம்மில் பலர் விழிப்பர். கோடாலித் தைலம் என்றால், சிங்கப்பூரிலிருந்து திரும்பிய உறவினர் பெட்டியைத் திறந்தபோது எழுந்த மணம் தமிழகத்துச் சிற்றூரிலும் நினைவுக்கு வரும். வெட்டும் கருவிக்கும் வலி போக்கும் மருந்திற்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்டதில்லை. படம் பெயராயிற்று, பெயர் மொழியில் கலந்தது.

குறியில் தன்னையே வைத்தவரும் உளர். இரங்கூனிலிருந்து 1920களில் சிங்கப்பூருக்கு வந்த ஆவ் பூன் ஹாவ், நீல் சாலையில் தைல ஆலை நடத்தினார். அவர் பெயரின் இறுதிச் சொல்லான ‘ஹாவ்’ புலியைக் குறிப்பது. ஆகவே, அவர் தைலத்தின்மேல் பாய்ந்த புலி அவருடைய கையொப்பமே. பெரும்பதன் தன் உரைகல்லில் செய்ததும் இதுவன்றோ?

சட்டமும் சிறுவணிகரும்

பெயர் பெற்ற குறியைப் பிறர் போலியாக வரைவது எங்கும் நிகழ்வது. இங்கிலாந்தில் 1875ஆம் ஆண்டு வணிகக்குறிப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 1876 சனவரி முதல் நாள் பதிவான முதற்குறி, பாஸ் மதுவாலையின் சிவப்பு முக்கோணம். சிங்கப்பூரில் 1938ஆம் ஆண்டுச் சட்டம் வணிகக்குறிப் பதிவிற்கு வழி வகுத்தது. எனினும், சட்டத்தின் நிழல் பெருநிறுவனங்களுக்கு எட்டிய அளவு சிறுகடைக்காரருக்கு எட்டவில்லை. சிராங்கூன் சாலையில் மிளகாயும் மல்லியும் அரைத்து விற்றவர், செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அவர் முகமே அவருடைய வணிகக்குறி. வாங்கிய பொடியில் குறையிருப்பின், நேரே அந்த முகத்திடம் சென்று கேட்கலாம். ஞெகிழிப் பைகளும் அச்சிட்ட உறைகளும் வந்தபின்னரே அம்முகத்திற்கு மாற்றாக ஓவியமும் எழுத்தும் தேவைப்பட்டன.

தமிழ் வணிகருக்கு இத்துறையில் வழிகாட்டியது சிவகாசி. 1920களில் அங்குத் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், ஒட்டுத்தாள்களின் தேவையால் அச்சுத் தொழிலையும் வளர்த்தது. அணிலும் காக்கையும் தீப்பெட்டிகளில் ஏறி ஊர்தோறும் சென்றன. எழுத்தறியாதாரும் பெயர் சொல்லி வாங்க முடிந்தது. இங்கும் அங்கும் விதி ஒன்றே.

நம் கடமை

இன்று சிறுவணிகர்க்குக் கடைப்பலகையும் உறையும் போதா, இணையத்தளமும் வேண்டியிருக்கிறது. வடிவமைப்போர் பலர் தமிழ் அறியாதவர். தமிழெழுத்தை முறைப்படி கோக்கும் வசதியில்லாத கணினி மென்பொருளில் சொற்களை இட்டால், கொம்புகள் இடம் மாறிவிடுகின்றன. ‘தேன்’ என்னும் சொல்லின் இரட்டைக்கொம்பு தகரத்திற்குப் பின்னே சென்று னகரத்தின்முன் நின்றுவிடுகிறது. இனிக்க வேண்டிய சொல் படிக்கவே இயலாததாகிறது. இவ்வச்சத்தாலும் செலவு கருதியும் தமிழையே விட்டுவிடும் கடைகளும் உண்டு. படம் மட்டுமே போதும் என்பர் சிலர். எழுத்தறியாதார்க்குப் படம் துணையாயிற்று. எழுத்தறிந்த தலைமுறைக்கும் அதுவே போதும் என்பது எவ்வாறு பொருந்தும்? உறையின்மேல் ஒரு மொழி இடம்பெறுவது, அம்மொழியினர் இங்கு வாங்குவோராகவும் விற்போராகவும் வாழ்கின்றனர் என்பதற்குச் சான்று. நூறாண்டுகள் கழித்து வரலாறு எழுதுவோர் அச்சான்றைத் தேடுவர்.

ஆதலின், தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களைக் கொண்டு பழைய ஒட்டுத்தாள்களையும் உறைகளையும் கடைப்பலகைப் படங்களையும் திரட்டச் செய்யுங்கள். 1935இல் தோன்றிய தமிழ் முரசின் பழைய இதழ்களில் விளம்பரப் பக்கங்களையும் படிக்கச் செய்யுங்கள். அண்டைக் கடைக்காரர் புதிய உறை அச்சிடும்போது, அதன் தமிழைப் பிழையின்றிப் பார்த்துக் கொடுக்கப் பழக்குங்கள். ஒரு பொற்கொல்லன் தன் கல்லில் பொறித்த சில எழுத்துகள் பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேல் நின்று நம்மை அறிவிக்கின்றன. இன்றைய சிறுவணிகனின் உறையில் உள்ள எழுத்தும் அவ்வாறு நிற்கத் தக்கதே. அது தமிழாகவும், பிழையற்ற தமிழாகவும் இருத்தல் வேண்டும்.