மேய்ப்பர் கட்டம்

குசினியில் போடும் கறுப்பு வெள்ளைக் கட்டக் காற்சட்டையைப் பத்து வருடமாகத் தோய்த்துக் காயப்போட்டு வருகிறேன். எண்ணெய் பட்டால் தெரியாது, அதற்காகத்தான் இந்தக் கட்டம் என்று நினைத்திருந்தேன். அதுவும் சரிதான். ஆனால் அந்தக் கட்டத்துக்கும் ஓர் ஊர் இருக்கிறது.

இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லை மலைகளில் செம்மறி மேய்த்தவர்கள் தோளில் போர்த்திய கம்பளிக்கட்டம் அது. கறுப்பாட்டு மயிரும் வெள்ளையாட்டு மயிரும் போதும், சாயம் வேண்டியதில்லை. பாவிலும் ஊடையிலும் இரு நிறங்களையும் சம அளவாக மாற்றி மாற்றி வைத்து, இரண்டிழை மேலே, இரண்டிழை கீழே, வரிக்கு வரி ஓரிழை தள்ளி நெய்தால் சாய்வரி விழும். நிறத்துக்கு நாலிழை என்று வைத்தால் கட்டத்தின் ஓரம் கூராகி நாய்ப்பல் ஆகிவிடும். எங்கள் காற்சட்டையில் இருப்பது இதுதான். சாய்வரியை இடையிடையே மறுபக்கம் திருப்பினால் மீன்முள். இந்தச் சாய்வரி நெசவுக்கு ஸ்கொட்லாந்துக்காரர் சொன்ன 'ருவீல்' என்ற பெயரை லண்டன் வியாபாரி ஒருவர் பிழையாக வாசித்ததால் 'ருவீட்' வந்தது என்று ஒரு கதை உண்டு.

இந்தக் கட்டம் வடக்கே மலைநாட்டுக்குப் போனது செம்மறிகளோடும் அவற்றின் மேய்ப்பர்களோடும்தான். குடிகள் தரும் வாடகையைவிட ஆட்டுப்பண்ணையில் வருமானம் கூட என்று நிலப்பிரபுக்கள் கண்டுகொண்டார்கள். சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814இலும் 1819இலும் குடிகளை எழுப்பிவிட்டு வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். கூரைமரம் மிஞ்சினால் திரும்பவும் வீடு கட்டிவிடுவார்களே! பிரபுவின் காரியஸ்தர் பற்றிக் செல்லர்மீது 1816இல் வழக்கு நடந்தது. விடுதலையானார். சனங்கள் கடற்கரைக்கும் கனடாவுக்கும் போனார்கள்.

பிறகு பணக்காரர்கள் மான் வேட்டைக்கு வந்தார்கள். குலத்துக்கொரு ராட்டன் என்று சொல்வார்கள் (அதிலும் பாதி பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கற்பனை). வந்தவர்களுக்கோ குலமில்லை. ஆகவே தங்கள் காவலாளருக்குத் தோட்டத்துக்கொரு ருவீட் செய்வித்தார்கள். கிளென்ஃபெஷியில் மேய்ப்பர் கட்டத்தை எடுத்து அதன்மேல் ஒரு சிவப்புக்கோடு ஓட்டினார்கள். பல்மோரலுக்கு 1853இல் இளவரசர் அல்பேட் கருங்கல் சாம்பல் நிறத்தில் ஒன்று அமைத்தார். மலையோடு மலையாக ஒளிந்து நிற்க நல்லது என்றார்கள். ராட்டன் நீ யாருடைய ஆள் என்று உறவைச் சொன்னது. இது யாரிடம் சம்பளம் வாங்குகிறாய் என்பதைச் சொன்னது.

ஹரிஸ் தீவின் கதை கொஞ்சம் வேறு. 1840களில் டன்மோர் சீமாட்டி கதரின் அங்குள்ள பெண்களைக் கொண்டு நெய்வித்து லண்டனில் விற்கத் தொடங்கினார். அந்தத் துணிக்கு 1993இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது: வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் வாழ்பவர், தமது வீட்டிலிருந்து, கையால் நெய்ததுதான் ஹரிஸ் ருவீட்.