ஆயுதவுரிமையும் அரசியல் யாப்பும்

அரசியல் யாப்பு எதுவும் ஒரே நாளிற் பிறப்பதன்று. முன்னோர் சட்டங்களின் சொற்களும் கருத்துக்களும் அதனுட் புகுந்து நிற்கும். எனினும், இடம் மாறுமிடத்துச் சொல்லின் பொருளும் மாறும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் ஆயுதவுரிமை தக்க சான்றாகும்.

இங்கிலாந்தில் ஆயுதம் வைத்திருத்தல் முதற்கண் கடமையாகவே விளங்கிற்று. 1181ஆம் ஆண்டில் இரண்டாம் ஹென்றி மன்னன் பிறப்பித்த ஆணை, சுதந்திரக் குடிகள் தத்தம் செல்வநிலைக்கேற்ப ஈட்டியும் கவசமும் வைத்திருத்தல் வேண்டுமென விதித்தது. பின்னர், 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டமோ நிலவருவாய் குறைந்தோர் துவக்கு வைத்திருத்தலைத் தடுத்தது.

கத்தோலிக்கனாகிய இரண்டாம் ஜேம்ஸ், புரட்டஸ்தாந்தரின் ஆயுதங்களைப் பறித்தான் என்பது அவன்மீது பாராளுமன்றம் சுமத்திய குற்றங்களுள் ஒன்று. அவன் நாட்டைவிட்டு ஓடியபின், 1689இல் எழுந்த உரிமைச் சாசனம் புரட்டஸ்தாந்தக் குடிகளுக்குத் தற்காப்பின் பொருட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை வழங்கிற்று. ஆயினும் அவ்வுரிமை அவரவர் நிலைக்கு ஏற்றதாயும் சட்டம் அனுமதிக்கும் அளவினதாயும் இருத்தல் வேண்டும். எனவே, அது மன்னனுக்கு எதிரான காப்பேயன்றிப் பாராளுமன்றத்தைக் கட்டும் தளையன்று.

அமெரிக்கக் குடியேற்றவாசிகள் இம்மரபை உடன்கொண்டு சென்றனர். 1775இல் பிரித்தானியப் படை கொங்கோட்டிலிருந்த போர்த்தளவாடங்களைக் கைப்பற்றச் சென்றபோதே விடுதலைப் போர் மூண்டது. நிலைப்படை மீதிருந்த ஐயமும் குடிப்படை மீதிருந்த நம்பிக்கையும் 1776ஆம் ஆண்டின் வேர்ஜீனியாப் பிரகடனத்தில் இடம்பெற்றன. மடிசன் 1789இல் முன்வைத்த திருத்தங்களுள் ஒன்று, 1791இல் இரண்டாம் திருத்தமாக நிறைவேறிற்று. அதிற் சமயவரையறையும் நிலைவரையறையும் இல்லை. ‘சட்டம் அனுமதிக்கும் அளவில்’ என்னும் கட்டுப்பாடும் இல்லை. குடிப்படையின் தேவை கூறும் முன்னுரை ஒன்று மட்டும் புதிதாகச் சேர்ந்தது.

அவ்வுரிமை குடிப்படையைச் சார்ந்ததா, தனிமனிதனுக்கும் உரியதா என்பதே பின்னெழுந்த வழக்கு. 1939இல் உயர் நீதிமன்றம் அதனைக் குடிப்படையோடு இணைத்து நோக்கிற்று. 2008இல் ஐவர் நால்வராகப் பிரிந்த நீதியரசருள், பெரும்பான்மையோர் 1689ஆம் ஆண்டுச் சாசனத்தையும் சான்றுகாட்டித் தனிமனித உரிமையென்றனர். அச்சாசனம் எழுந்த சூழல் வேறென மறுத்தனர் ஏனையோர். 2022ஆம் ஆண்டுத் தீர்ப்போ, துவக்குச் சட்டங்கள் நாட்டின் பழைய மரபோடு பொருந்துதல் வேண்டுமென்றது.

தாய்நாடாகிய இங்கிலாந்திலோ 1920ஆம் ஆண்டுச் சட்டம் துவக்குக்கு அனுமதிப்பத்திரத்தை வேண்டிற்று. 1997இல் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டன. சட்டமியற்றும் சபையின் கை அங்கே கட்டப்படவில்லை. வேர் ஒன்று, விளைவு இரண்டு. ஆதலின், பழஞ்சட்டத்தை எடுத்தாள்வோர் அதன் சொல்லோடு, அதனுடன் பிறந்த வரையறைகளையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.