நிகண்டு முந்தி, நூல் பிந்தி

சிறுகதைப் பாடம் தொடங்குமுன் அருஞ்சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்லிவிட்டு, பிறகு கதைக்குள் போவது இன்று பல வகுப்பறைகளில் உள்ள பழக்கம். திண்ணைப் பள்ளிக்கூடம் இதை இன்னும் கண்டிப்பாகச் செய்தது. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் முடித்த பிள்ளை, பெரிய நூல்களைத் தொடுமுன் நிகண்டை நெட்டுருப் போட வேண்டும். அர்த்தம் தெரியாத உருப்போடல் என்று பிற்காலத்தார் அதை ஒதுக்கினார்கள். அந்தத் தீர்ப்பு அவசரப்பட்டது என்பேன். சொல்லை முன்கூட்டியே அறியாதவனால் ஓலைச்சுவடியை வாசிக்கவே முடியாது; நிகண்டுப் படிப்பு ஓலை விதித்த கட்டாயம்.

சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, நிறுத்தற்குறி கிடையாது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்தின் புள்ளியையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எகர ஒகரங்களில் குறிலுக்கும் நெடிலுக்கும் வடிவ வேறுபாடு இராது. ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் ஒன்றுபோலவே நிற்கும். போதாததற்கு, துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். ஆக, கண் பார்த்ததை வாய் அப்படியே படித்துவிட முடியாது. இந்த இடத்தில் என்ன சொல் வரக்கூடும் என்று மனம் முதலில் சொல்ல வேண்டும். பிறகுதான் கண் அதைச் சரிபார்க்கும்.

அந்த மனத்தைத் தயார் செய்ததுதான் நிகண்டு. திவாகரமும் பிங்கலந்தையும் நூற்பாவில் இருந்தன. பின்னால் வந்த மண்டல புருடர் சூடாமணி நிகண்டை விருத்தத்தில் பாடினார். ஓசை நாவில் நிற்பதால் பள்ளிகளில் அதுவே வென்றது. அதன் 12 தொகுதிகளில் தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று சொற்கள் இனம் இனமாக வரும். 11ஆம் தொகுதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது, எதுகை வரிசையில் அமைந்தது. ககர எதுகையில் ‘பகவன்’ என்ற சொல்லைப் பாருங்கள்: சிவன், திருமால், பிரமன், அருகன், புத்தன் என ஐவரையும் அது குறிக்கும் என்கிறார் ஆசிரியர். அவர் சமணர் என்பது நினைக்கத்தக்கது. இதை உருப்போட்ட மாணவன் நூலில் அச்சொல்லைக் காணும்போது, ஐந்தில் எது பொருந்தும் என்று இடம்நோக்கித் தேர்ந்தாக வேண்டும். இதை வெறும் ஒப்புவித்தல் என்று எப்படிச் சொல்வது?

ஓலைதான் காரணமென்றால் அச்சு வந்ததும் நிகண்டு மறைந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரே சூடாமணி நிகண்டை அச்சிட்டாரே! ஆனால் அக்காலச் செய்யுட் பதிப்புகளும் சீர் பிரித்தனவே தவிரச் சொல் பிரிக்கவில்லை. ஓலையின் இடர் தாளிலும் தொடர்ந்தது. மர்ரே ராஜத்தின் சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகள் 1950களில்தான் பரவின. வீரமாமுனிவர் 1732இலேயே சதுரகராதியை அகர வரிசையில் தொகுத்திருந்தார். தேவைப்படும்போது தேடிக்கொள்ள வழி பிறந்தபின் மனப்பாடத்துக்கு வேலை குறைந்தது. இன்னொரு குறையை மறுக்க மாட்டேன்: நிகண்டு ஓர் அருஞ்சொல்லுக்கு இன்னோர் அருஞ்சொல்லையே பொருளாகத் தருவது மிகுதி. பலர் பாட்டோடு நின்று நூலுக்குப் போகாமலே போயிருப்பார்கள்.

இன்றைய சிறுகதை சொல் பிரிந்து, குறியிட்டு அச்சாகிறது. பாதிச் சொற்களைச் சூழலே விளக்கிவிடும். நிகண்டுபோல் எல்லாவற்றையும் முன்கூட்டித் தருவது இனி வீண். வெளிப்படையான சொல்லுக்கு விளக்கம் வேண்டாம், வெளிப்படாத சொல்லுக்கே வேண்டும் என்று தொல்காப்பிய உரியியல் வரையறுத்திருக்கிறது. சிலப்பதிகார அரும்பதவுரைகாரர் செய்ததும் அதுவே. கி. ராஜநாராயணன் கதையைப் பாடமாக வைத்தால் கோவில்பட்டிப் பிள்ளைக்கு வெளிப்படையான சொல் சென்னைப் பிள்ளைக்கு வெளிப்படாது. கரிசல் வழக்குக்கு அவரே ஓர் அகராதி தொகுத்திருக்கிறார். அதிலிருந்து எந்தச் சொற்களைக் கரும்பலகைக்குக் கொண்டுவருவது என்பதை எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும்; பாடநூலின் பொதுப் பட்டியலால் அது ஆகாது.